என் கணக்கில் சேர்ந்த நடை

ஜூன் 4, புதன்

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். நான் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு இடம் போதாது என்று நானே கேலி செய்வது வழக்கம். இன்று வாய் வரவில்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். அப்பாவின் கல்லீரல் இனித் தேறாது. மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பார். அம்மாவின் ரத்த வகை சேரவில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளையான என்னுடையது சேர்கிறது. ஆனால் என் கல்லீரலிலும் கொழுப்பு படிந்து கிடக்கிறது. இந்த நிலையில் அறுத்துக் கொடுத்தால் அவருக்கும் பயன்படாது, எனக்கும் ஆபத்து. எட்டு வாரத்தில் எட்டு கிலோவாவது குறைத்துக்கொண்டு வா, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, "அதுக்கு மேல அப்பாவால தாங்க முடியாதும்மா" என்றார்.

அப்பா ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்துதான் அவர் கல்லீரலை முடித்திருக்கின்றன. சொந்தக்காரர்கள் யாரும் இதை நம்பவில்லை. கோவில்பட்டியில் முப்பது வருடமாகப் புரோட்டாக் கடை. கடை அடைத்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர். எனக்கும் ஒரு பொட்டலம் வரும். எனக்கு இருபத்து நான்கு வயது. பொட்டலத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ஜெஸிந்தா மேடம் என் போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கையில் கட்டிக்கொள்ள ஒரு வாட்ச். நடை, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாம் அதில் பதியும். எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றால் எடை தானாகப் போனுக்குப் போய், அங்கிருந்து மதுரையில் அவர் மேஜைக்குப் போய்விடும்.

"இனி பொய் சொல்ல முடியாது செண்பகா. எனக்கு எல்லாம் தெரிஞ்சிரும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஆப் என்னைத் தோழி என்று கூப்பிடுகிறது. "தோழி, இன்று தண்ணீர் குடித்தீர்களா?" ஆமாம் தாயே, குடித்தேன்.

இந்த டைரியும் மேடம் சொல்லித்தான். ஆப்பில் எழுத முடியாததை இதில் எழுத வேண்டுமாம். நான் கணக்கு எழுதும் தீப்பெட்டி ஆபீஸில் புதுவருடத்துக்குக் கொடுத்தது, சும்மா கிடந்தது.

ஜூன் 8, ஞாயிறு

சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டிச் சோறு, கீரை, அவித்த முட்டை. இரவு ஒரு ராகி தோசை. அம்மா தட்டின் ஓரமெல்லாம் துடைத்து, கீரையை நடுவில் கூட்டி, சாமிக்குப் படைப்பதுபோல வைக்கிறாள்.

"ஃபோட்டோவுல நல்லா விழணும்லட்டி. மேடம் பாப்பாகல்ல."

"இது என்ன பொண்ணு பாக்கவா அனுப்புதோம்?"

"அதுக்கு அனுப்பும்போதுகூட எனக்கு இம்புட்டு நடுக்கம் இல்ல" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

மெஷினில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. தோழி பட்டாசு வெடித்துக் காட்டினாள். அப்பா கட்டிலில் கிடந்தபடி கைதட்டினார். கண் மஞ்சளாக இருந்தாலும் சிரிப்பு அதே சிரிப்புதான். "என் குந்தாணி எளைச்சுட்டா" என்றார். சின்ன வயதில், உரல் மாதிரி குண்டு என்னும் அந்தப் பெயரைச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்று வரவில்லை.

ஜூன் 18, புதன்

ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான்.

ஜூன் 21, சனி

புரோட்டா மாஸ்டர் ஒருவரே அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறார். வேலை முடிந்து வரும்போது ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சால்னா கொதித்துக்கொண்டிருந்தது. எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். ராகி தோசையைப் படம் எடுத்து அனுப்பினேன். பசியில்லை என்று சொன்னதும், வீணாகக் கூடாதென்று அம்மா அந்தத் தோசையைச் சாப்பிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

ராகி தோசை. படம் அனுப்பியாயிற்று.

ஜூன் 26, வியாழன்

மாலையில் நடக்கப் போகவில்லை. தூறல். நேற்றும் போகவில்லை, தலைவலி. அதற்கு முந்தின நாள் மழை. ஆனால் ஆப்பைத் திறந்தால் நேற்றும் இன்றும் வைத்த இலக்குக்கு மேலேயே நடந்திருக்கிறேனாம். "அபாரம் தோழி!" ஸ்கூட்டி குலுங்குவதையும் நடை என்று எண்ணிக்கொள்கிறதோ என்னவோ. மெஷின்தானே. நல்ல பெயர் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 1, செவ்வாய்

தினமும் இரவு வாட்ச்சைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது எடுத்துக் கட்டுவேன். இன்று கட்டும்போது பார்த்தேன், வாரின் ஓட்டைகளில் விபூதி. துடைத்துவிட்டுக் கட்டிக்கொண்டேன்.

அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

எடை இறங்கவில்லை. முந்நூறு கிராம் ஏறியிருக்கிறது. மேடம் போன் செய்தார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழப்பம்தான் இருந்தது.

"சாப்பாடு கரெக்டா இருக்கு. நடை நான் சொன்னதவிட அதிகமாவே இருக்கு. பின்ன ஏன் செண்பகா எறங்கல? தைராய்டு ஏதும் இருக்குமோ? நாளைக்கே ரத்தம் குடுத்துருங்க."

சரி மேடம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 10, வியாழன்

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. இதில் நாலு நாள் போய்விட்டது. அப்பாவுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஊசி போட்டு இறக்கிக்கொண்டு வந்தோம். சட்டைப் பட்டனை மாட்டிவிடும்போது என் பெயரை மறந்துவிட்டு அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் அடுத்த பட்டனை மாட்டினேன்.

மாலையில் நடந்தேன். நிஜமாகவே நடந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆபீஸில் இருக்கும்போது ஜெஸிந்தா மேடம் கூப்பிட்டார்.

"பதறாதீங்க. வாட்ச்சு ஒரு எச்சரிக்கை அனுப்பியிருக்கு. விடியக்காலைல உங்க இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. ஒரு நாள்னா விட்டிருப்பேன், நாலஞ்சு நாளா இருக்கு. டாக்டர்கிட்ட காமிச்சேன். இப்படி இருந்தா உங்ககிட்ட இருந்து கல்லீரல் எடுக்க முடியாதுன்னு சொல்றாரு. உடனே இங்க வந்து இதயத்தைப் பரிசோதிக்கணும். அதுல உறுதியாச்சுன்னா நீங்க குடுக்கிறவங்க பட்டியல்லயே இல்ல. சாரிம்மா."

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன். பசித்தது, அவ்வளவுதான்.

விடியற்காலையில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வாட்ச் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும்.

ஜூலை 16, புதன்

வீட்டில் சொன்னேன். என் இதயம் சரியில்லை என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பட்டினி போட்டு எம்புள்ள நெஞ்சக் கெடுத்துட்டோமே" என்று அழுதாள். கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள். முன்பைவிட அவளுக்கு மூச்சு இரைக்கிறது. அழுததால் இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆபீஸுக்கு விடுப்புப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது.

"இதுவும் நல்லதுக்குத்தான் தாயி" என்றார்.

"எதுப்பா?"

"மெஷினே சொல்லிருச்சுல்ல, உன்னால முடியாதுன்னு. இனி உன்னய யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. பெத்த அப்பனுக்குக் குடுக்கலன்னு நாளப்பின்ன எவனும் பேச மாட்டான். நானும் நிம்மதியாப் போய்ச் சேருவேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் நிம்மதிதான?"

எனக்கு என்ன நிம்மதி, ஒன்றுமில்லை என்றேன். கையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குக் கஞ்சி ஆற்றினேன்.

ஆற்றும்போது ஒன்று தோன்றியது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போக வேண்டியதில்லை, பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், அடுத்த வாரம் போகலாம். அதற்குள் நாள் ஓடிவிடும். நான் எதுவும் செய்யவில்லை. மெஷின்தான் சொன்னது.

எழுதிவிட்டேன். கிழிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கிழிக்கவில்லை.

விடியுமுன்னே விழித்துவிட்டேன். அம்மா இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் வாட்ச் இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாரில் கண்ட விபூதியை நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். ஆடி முதல் வெள்ளி, இருட்டோடு இருட்டாகக் கூட்டம் நின்றது. வெளிப்பிரகாரத்தில் அம்மா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. இடது கையில் என் வாட்ச், வளையலுக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

என்னைப் பார்த்ததும் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல விழித்தாள்.

"நீ எதுக்குட்டி வந்த? நெஞ்சு சரியில்லாதவ. இன்னும் கொஞ்சம் சுத்துதான் பாக்கி. செத்த இரு, மூச்சு வாங்கிக்கிடுதேன்."

"எத்தன நாளா இதக் கட்டிக்கிட்டு நடக்க?"

"மழ பேஞ்சுச்சுல்லா, நீ நடக்காமப் படுத்துட்டியே, அப்பருந்து." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உனக்கு ஆபீஸ் வேல. அலுத்துப்போயி வார. மேடம் வேற நட நடங்காக. சரி, நம்ம நடந்து குடுப்போம்னு பாத்தேன்."

"நீ நடந்தா எனக்கு எப்படிம்மா எளைக்கும்? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" நான் கத்தியது பிரகாரம் முழுக்கக் கேட்டிருக்கும். சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

அம்மாவுக்கு நான் கேட்டது நிஜமாகவே புரியவில்லை. "ஏன் சேராது? உனக்கு மூளைக் காய்ச்சல் வந்தப்ப நான்தான திருச்செந்தூருக்கு நடந்தேன்? காய்ச்சல் உனக்குத்தான விட்டுச்சு? நீ பரிட்ச எழுதுனப்ப இதே பிரகாரத்தச் சுத்துனது யாரு, நீயா? பாஸானது யாரு?"

நான் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தேன்.

"ரத்தந்தான் சேரலன்னு சொல்லிட்டாங்க" என்றாள். "என் நடையாவது உங்க அப்பாவுக்குச் சேரட்டுமேன்னு நெனச்சேன்ட்டி." பிறகு என் கன்னத்தைத் தொட்டாள். "இப்ப சுத்துதது உன் நெஞ்சுக்காக. உன் நெஞ்சு சரியாவணும்னு வேண்டியிருக்கேன்."

அவள் பக்கத்தில் கல்தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, என் நெஞ்சுக்கு ஒண்ணும் இல்ல. வாட்ச்சு காட்டுனது உன் நெஞ்சு" என்றேன்.

அவளுக்கு அது புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் பயப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "அப்ப உனக்கு ஒண்ணும் இல்லயா? நல்லாருப்ப தாயே, நல்லாருப்ப" என்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை. மூன்று நாள் அவளை இப்படி நடக்க விட்டிருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 18, மதியம்

ஆட்டோ பிடித்து இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு ஒழுங்கில்லை, விட்டிருந்தால் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கும், நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை பிடிபடும்வரை மாடி ஏறக் கூடாது, வேக நடை கூடாது.

ஜெஸிந்தா மேடத்துக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடை என்னுடையது இல்லை. துடிப்பு என்னுடையது இல்லை. ராகி தோசையும் என்னுடையது இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன் செண்பகா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். ஆறு வாரமாக இந்த டைரியில்கூட எழுதாததை, போனில் அழுதுகொண்டே சொன்னேன். வயிற்றை அறுப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது, செத்துப்போய்விடுவேனோ என்று இருக்கிறது.

"இத முதல் நாளே சொல்லியிருக்கணும். பயப்படறவங்களுக்குப் பேசறதுக்குன்னே இங்க ஒரு டாக்டர் இருக்காங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நாங்க காரணம் வெளிய சொல்ல மாட்டோம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். நடக்கிறேன் மேடம் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

டாக்டர் ஆகஸ்ட் பாதிவரை நாள் நீட்டிக் கொடுத்திருக்கிறார். பயத்துக்குப் பேசும் டாக்டரம்மாவோடு இன்று போனில் பேசினேன். பயம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே நடக்கலாம் போலிருக்கிறது.

அப்பா கடையை மூடச் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு வேறு கடையில் வேலை பார்த்துக் கொடுத்தாராம். முப்பது வருடக் கடை. எதற்குப்பா என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதாக்கும்" என்றார். அந்த இரவுகளில் என் துணியில் சால்னா வாசனை வந்திருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. கால் கடுக்கிறது. இந்தத் தடவை தோழி பாராட்டியபோது, சீ போ என்று சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பசி. காலையில் பசி, மதியம் பசி, தூக்கத்தில் பசி. எதிர்வீட்டில் ஆடிக்கூழ் ஊற்றினார்கள். அம்மா என்னைப் பார்க்காமல் உள்ளே போய் நின்று குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்லாவே இல்லட்டி, ஒரே தண்ணி" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாலை நடையில் அம்மா வாசல்வரை வந்து நிற்கிறாள். அதற்கு மேல் வருவதில்லை. நான் தெருவைச் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் கால் கட்டைவிரல் தரையில் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதுரை. ஸ்கேன். எட்டு கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. ஆனால் கல்லீரலில் கொழுப்பு பாதிக்குமேல் கரைந்துவிட்டது, இது போதும் என்றார் டாக்டர். என் இதயத்தையும் பார்த்தார்கள். சுத்தம். வரும் திங்கட்கிழமை ஆபரேஷன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். கண் ஓரம் ஈரமானது. "குந்தாணி" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாளைக் காலை. நகப்பூச்சைக்கூட அழித்துவிட்டார்கள். வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் நர்ஸ். அம்மா கையில் கட்டிவிட்டேன். மேடம் அதை அம்மா பெயருக்கு மாற்றி, துடிப்பு தவறினால் உடனே சத்தம் போடும்படி வைத்துக் கொடுத்தார்.

"ஏம்மா, எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடு. நாங்க உள்ள இருக்கிற வரைக்கும் நீ நடக்கக் கூடாது. கீழ பிள்ளையார் இருக்காரு, பாத்தேன். அவரச் சுத்தக் கூடாது. வராந்தாவுலயும் சுத்தக் கூடாது. ஒரு இடத்துல உக்காந்திருக்கணும்."

"அது எப்படிட்டி? ரெண்டு பேரும் உள்ள கெடக்கீக, நான் சும்மா உக்காந்திருக்கவா?"

"ஆமா. சும்மா உக்காந்திருக்கணும். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எந்திரிச்சு யாரப் பாக்க?"

என் உள்ளங்கையில் கையை வைத்தாள். அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

அப்பா கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருக்கிறார். நேற்று என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் வெளியே நிறுத்திக் காட்டினார்கள். அவர் கண் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். எனக்கு வயிறு இழுத்ததால் அழக்கூட முடியவில்லை.

போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். இப்போது அதில் அம்மாவின் கணக்கு. ஆபரேஷன் நடந்த திங்கட்கிழமைக்குப் போய்ப் பார்த்தேன். எங்களை உள்ளே கொண்டுபோன நேரத்திலிருந்து இரவு டாக்டர் வெளியே வந்து சொன்ன நேரம்வரை, நடைக்கான கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஓர் அடிகூட இல்லை. தண்ணீருக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்த டீயை உட்கார்ந்த இடத்திலேயே குடித்தாளாம். துடிப்பு மட்டும் கொஞ்சம் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கிப் போயிருந்தது.

என் வாழ்நாளில் அம்மா எனக்காக எவ்வளவோ நடந்திருக்கிறாள். அன்றைக்குப்போல ஒருநாளும் கஷ்டப்பட்டிருக்க மாட்டாள்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, எழுந்து நடக்க வேண்டும், நடந்தால்தான் சீக்கிரம் தேறும் என்றார். தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓர் அடி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு.

"ஏட்டி" என்றாள். "இப்ப நான் எந்திரிக்கலாமா?"

வா என்றேன்.